கச்சான் அடிக்கிற வாரம்

கச்சான் தொடங்கி நாலாம் நாள்.
தென்கடல் கஞ்சித்தண்ணி நிறத்தில் கலங்கிக் கிடக்கிறது.
முங்கினால் என் கை எனக்கே தெரியாது.
ரோட்டுக்கு அந்தப் பக்கம் வடகடல்
எண்ணெய் ஊற்றியது போல் அமைதி,
ஆனால் நாங்கள் முங்கும் பாசி அங்கே இல்லை.
வத்தைகள் கரையேறிவிட்டன.
நான் பாம்பன் கிளை நூலகத்தில்
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறேன்.

நேற்றிரவு முடித்ததைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
அதில் வந்த தபால்காரர்
இன்னும் என்னோடுதான் இருக்கிறார்.
காலையில் உலை வைக்கும்போது
அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.
இவரை எங்கே இறக்கிவிட்டு
அடுத்தவர்களை ஏற்றிக்கொள்வது?

"என்ன மாதிரி வேணும், குருவம்மா?"
நூலகர் நம்புராஜன் ஒவ்வொரு முறையும் கேட்பார்.
தெரிந்தால் நான் ஏன்
ஒரு மணி நேரமாக நிற்கிறேன்?
மீனா இது, செவுளைத் தூக்கிப் பார்த்துச் சொல்ல.

முதல் பக்கத்தை நம்பி
இரண்டு தடவை மோசம் போயிருக்கிறேன்.
ஒன்றில் நாற்பதாம் பக்கத்திலேயே
அவளைச் சாகடித்துவிட்டு
மிச்சம் முந்நூறு பக்கமும்
ஆம்பளைகளே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பொடி எழுத்து ஆகாது.
இருபது வருஷத்து உப்புத்தண்ணி கண்ணுக்குள் நிற்கிறது.
வழவழத் தாளும் ஆகாது,
துணி சுற்றாத விரலை விளிம்பு வகுந்துவிடும்.
பாறை பரவாயில்லை,
கீறுவதற்கு முன்னால்
சொரசொரவென்று ஒரு வார்த்தை சொல்லும்.

தடித்ததை எடுத்தால்
காற்று திரும்பி, பாதியில் கடல் கூப்பிடும்.
மெலிந்ததை எடுத்தால் செவ்வாய்க்குள் முடிந்து
புதனில் இருந்து
மின்வாரிய அட்டையின் பின்பக்கத்தைத்தான் படிக்கவேண்டும்.

பஞ்சவர்ணத்துக்கு இந்தக் கவலை கிடையாது.
அவள் படிப்பதில்லை.
தீவுக்குப் போகையில்
எஞ்சின் சத்தத்துக்கு மேல் நான் கத்திச் சொல்லக் கேட்பாள்.
முடிவு பிடிக்காவிட்டால் மாற்றச் சொல்வாள்.
மாற்றியிருக்கிறேன்.
ஒரே குடிகாரனை இரண்டு தடவை திருத்தியிருக்கிறேன்.
நேற்று குழாயடியில் சொன்னாள்:
"அடுத்தது கடல் இல்லாத கதையா எடு புள்ள.
தண்ணியே இல்லாத ஊரு."

பாசிக்கு முங்குகையில் இத்தனை தயக்கம் வருவதில்லை.
மூச்சு கொஞ்சம், கண்ணாடி மங்கல்.
மரிக்கொழுந்தா கட்டைக்கோரையா என்று
விரல் தெரிந்துகொண்ட பிறகுதான்
எனக்குச் சொல்லும்.
பிஞ்சை விடு, வேரை விடு,
பிடித்ததைப் பிடித்தபடி மேலே வா.
ஏன் இதை எடுத்தாய் என்று
மேலே யாரும் கேட்பதில்லை.

கண்ணை மூடிக்கொண்டேன்.
நம்புராஜன் பார்க்கவில்லை,
சுற்றாத மின்விசிறியைத் திட்டிக்கொண்டிருந்தார்.
கீழ்த்தட்டு, ஈரம் ஏறிய மூலை.
மூச்சை அடக்கிக் கையை விட்டேன்.

வந்தது ஒட்டகம்.

ஒட்டக வளர்ப்பு, நோய்களும் தீவனமும்.
வடக்கே ஏதோ ஒரு துறை போட்டதன் தமிழாக்கம்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம், படங்களுடன்.
எழுத்து பெரிது. தாள் சொரசொரப்பு.

"இதையா?" என்றார் நம்புராஜன்.
முத்திரைக் கட்டை காற்றில் நின்றது.
"இதைத்தான்" என்றேன்.
பதினாலு நாள் தேதி விழுந்தது.

தெருவில் மணல் பறக்கிறது.
தந்திக் கம்பத்தடியில் ஒதுங்கி
நடுப்பக்கத்தைப் பிரித்தேன்:
புயல் வரும்போது
தன் மூக்கைத் தானே மூடிக்கொள்ளத் தெரியுமாம் அதற்கு.

அட, நம்ம ஆளு.

முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு
நடந்துகொண்டே படிக்கிறேன்.
பின்னால் சைக்கிள் சத்தம் இல்லை.
தீவனத்தை வைத்துக்கொண்டு
பஞ்சவர்ணத்துக்கு எப்படி ஒரு கல்யாணம் செய்துவைப்பது
என்பதுதான் இப்போது யோசனை.